சென்னைப் பட்டணத்தில் நம் முகவரி

ஒவ்வோராண்டும் ஜூன் திங்களில் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியர் மேசைமீது விரிக்கப்படுவது சேர்க்கைப் பதிவேடு. மாணவர் பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர், வகுப்பு ஆகியவற்றைக் கேட்கும்போது தயங்காது விடை கூறும் தாய்மார்கள், "முகவரி சொல்லுங்கள் அம்மா" என்றதும் சற்றே வாய்மூடி நிற்பதை முப்பதாண்டுக் காலமாகக் கண்டு வருகிறோம். ஒருவர் குடியிருக்கும் வீட்டிற்குக் கதவெண் இல்லை. இன்னொருவர் வீட்டு மின் இணைப்பு எவர் பெயரிலோ இருக்கிறது. மற்றொருவர்க்கு அரசு அளித்த வீடு பெரும்பாக்கத்தில் உள்ளது. பிழைப்போ புளியந்தோப்பில் உள்ளது. பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுப் படிக்க வைக்க எண்ணுகிறார். "எந்த முகவரியை எழுதுவது, ஐயா?" என்று அவர் நம்மையே திருப்பிக் கேட்கிறார்.

வெள்ளி விழா மலருக்கு நகரில் நம்மவர் வாழ்விடங்கள் குறித்து வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்கத்தார் பணித்தபோது, இந்தக் கேள்வியே நம் செவியில் ஒலித்தது. சென்னையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலர். கோட்டையைப் பற்றியும், உயர்நீதிமன்றக் கட்டடத்தைப் பற்றியும், தேவாலயங்களைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். 1734-இல் நெசவாளரைக் குடியேற்றச் சிந்தாதிரிப்பேட்டை அமைக்கப்பட்டதையும், துணி வெளுப்போரால் வண்ணாரப்பேட்டை பெயர் பெற்றதையும் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் சேரிகளைப் பற்றிப் பேச நேரும்போது மட்டும் "ஆக்கிரமிப்பு" என்னும் ஒரே சொல்லோடு அதிகாரிகளும் செய்தித்தாள்களும் முடித்துக் கொள்கின்றனர். அச்சொல் நமக்கு எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சேரி என்னும் சொல்லே முதலில் இழிசொல் அன்று. மக்கள் சேர்ந்து வாழும் இடம் சேரி. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் பிராமணர்க்குத் தானமாக அளிக்கப்பட்ட ஊர்களின் பகுதிகளும் சேரிகள் என்றே குறிக்கப்பட்டன. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாடப் புத்தகத்தில் படித்தோர் இதனை அறிவர். வேளச்சேரியில் நிலம் வாங்குவோர் எவரும் அப்பெயர் கேட்டு முகம் சுளிப்பதில்லை. சொல்லில் குற்றமில்லை, அதனுள் வாழ்ந்தோரை நோக்கிய கண்ணில்தான் குற்றம் இருந்தது.

1639-இல் கிழக்கிந்தியக் கும்பினியார் இக்கடற்கரையில் ஒரு துண்டு நிலத்தைப் பெற்றுக் கோட்டை எழுப்பத் தொடங்கினர். கோட்டைக்குள் வெள்ளையர் நகர் அமைந்தது. வெளியே கறுப்பர் நகர் வளர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வரையப்பட்ட சென்னைப் படங்களில் "பெரிய பறைச்சேரி" என்னும் பெயர் ஆங்கில எழுத்துகளில் காணப்படுகிறது. இன்று மாடமாளிகைகள் நிற்கும் எத்தனையோ தெருக்களின் பெயர்கள் அப்படங்களில் இல்லை. கும்பினியார்க்குக் குதிரை மேய்க்கவும், சமையற்கட்டைப் பார்க்கவும், மூட்டை சுமக்கவும், தோல் பதனிடவும், தெருவைத் துப்புரவு செய்யவும் ஆள் வேண்டியிருந்தது. வலங்கை இடங்கை வழக்குகள் மூண்டபோது வலங்கையாரின் தோள்வலியாக நின்றோரும் நம்மவரே. சென்னைப் படையின் சாப்பர்கள் என்னும் பொறியியல் பிரிவில் சேர்ந்து பாலம் கட்டியும் பாதை வெட்டியும் போர்முனை கண்டோரும் நம்முள் உண்டு. ஆகவே, நகரம் தோன்றிய பிறகு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவர் அல்லர் நாம். நகரத்தோடு உடன்பிறந்தோர்.

எனினும் நம்மில் பெரும்பான்மையோரின் முன்னோர் செங்கற்பட்டு, வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து பின்னாளில் நடந்து வந்தோரே என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அவர்கள் ஏன் நடந்தனர்? 1891-இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரெமென்கீர் அரசுக்கு எழுதிய அறிக்கை அதற்கு விடை கூறும். உழுதவனுக்கு நிலமில்லை, குடியிருந்த மனையும் மிராசுதாரருடையது, வாய் திறந்தால் மனையும் போகும். அவ்வறிக்கையின் விளைவாகவே 1892-இல் பஞ்சமர்க்கு நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று வழங்குவது அதுவே.

அதற்கு முன்னரே தாது ஆண்டுப் பஞ்சம் வந்துவிட்டது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய அப்பஞ்சத்தில் சிற்றூர்களிலிருந்து எலும்பும் தோலுமாகப் பட்டணம் வந்து சேர்ந்தோர்க்குப் பஞ்ச நிவாரண வேலையாக அரசு கொடுத்தது யாது தெரியுமா? கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்க் கால்வாயைத் தோண்டும் வேலை. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயரே அக்கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. மண்வெட்டி பிடித்தோர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்களுள் எத்தனை பேர் நம்மவர், எத்தனை பேர் பிற ஏழைகள் என்று பிரித்துப் பார்க்கப் பசி இடம் கொடுத்திராது. பின்னாளில் அக்கால்வாயின் கரைகளில் குடிசை போட்டோரை "நீர்நிலை ஆக்கிரமிப்பாளர்" என்று கூறி அகற்றினார்கள். ஆனால் அதே கால்வாயின் நடுவே தூண் நாட்டிப் பறக்கும் இரயில் பாதை அமைக்கப்பட்டு, 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை வண்டியும் ஓடியது. அதனை எவரும் ஆக்கிரமிப்பு என்று அழைத்ததாக நாம் கேட்டதில்லை. இரயில் வேண்டாமென்று நாம் கூறவில்லை. நாமும் அதில் பயணம் செய்பவர்தாம். ஒரே நீரில் நின்ற இரண்டிற்கும் இருவேறு பெயர்கள் எவ்வாறு வந்தன என்றே கேட்கிறோம்.

அப்பஞ்ச காலத்தில்தான் பெரம்பூர்ப் பக்கம் ஆலைகளும் எழுந்தன. பக்கிங்காம் ஆலை 1876-இலும் கர்நாடிக் ஆலை 1881-இலும் தொடங்கின. ஆலைச் சங்கு ஊதும் தொலைவிற்குள் குடியிருப்புகள் பெருகின. புளியந்தோப்பு, வியாசர்பாடி, பட்டாளம், ஓட்டேரி, சூளை என இன்று நாம் வாழும் பேட்டைகள் பலவற்றிற்கும் உயிர்நாடி அச்சங்கொலியே. நம் தந்தையாரும் ஆலைத் தொழிலாளியே. கடிகாரம் இல்லாத எங்கள் வீட்டில் சங்குதான் கடிகாரம். முதற் சங்கிற்கு அம்மா அடுப்பு மூட்டுவார். இரண்டாம் சங்கிற்கு அப்பா தெருமுனை திரும்பிவிடுவார். 1996-இல் ஆலைகள் மூடப்பட்டபின் சில காலம் தெருவில் எல்லோரும் நேரம் தவறினோம்.

வேலை கிடைத்த இடத்தில் எழுத்தும் கிடைக்க வேண்டுமென்று எண்ணிய பெரியோர் அப்போதே நம்மிடையே தோன்றியிருந்தனர். 1893-இல் இரட்டைமலை சீனிவாசனார், எந்தப் பெயரால் பிறர் நம்மை இழித்தனரோ அந்தப் பெயரையே தலைப்பாக இட்டுப் "பறையன்" என்னும் இதழைச் சென்னையில் தொடங்கினார். இராயப்பேட்டையில் பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவி, 1907-இல் "ஒரு பைசாத் தமிழன்" இதழை வெளிக்கொணர்ந்தார். பெரம்பூரில் பௌத்த விகாரம் எழுந்தது. கர்னல் ஆல்காட் 1894-இல் அடையாறு ஊரூரில் நம் பிள்ளைகளுக்காக முதல் இலவசப் பள்ளியைத் திறந்தார். பின்னர்க் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர், கிருஷ்ணாம்பேட்டை ஆகிய இடங்களிலும் அவ்வகைப் பள்ளிகள் தோன்றின. இப்பெயர்களைக் கூர்ந்து நோக்குக. ஒவ்வொன்றும் ஒரு சேரியை அடுத்த இடம். பிள்ளை நடந்துபோகும் தொலைவில் பள்ளி இருத்தல் வேண்டும் என்பதை அக்காலத்தார் நன்கு உணர்ந்திருந்தனர். பசித்த வயிற்றோடு பாடம் ஏறாது என்பதையும் விரைவில் உணர்ந்தனர். 1920 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் ஆயிரம்விளக்குப் பள்ளியில் நாளொன்றுக்கு ஒரு மாணவர்க்கு ஓரணாவிற்கு மிகாமல் சிற்றுண்டி வழங்க இசைந்தது. அப்போது மன்றத் தலைவர் பிட்டி தியாகராயர். இன்று மாநிலமெங்கும் பள்ளிகளில் உலை கொதிப்பதற்கு அந்த ஓரணா ஒரு விதை.

இனிக் கூறப்போவது கசப்பானது. எனினும் நம் இளைஞர் அறிந்திருக்க வேண்டியது.

1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதனைப் போற்றுவர். திரு. பி.பி. வாடியா தலைமை தாங்கினார், நம்மவரும் உறுப்பினராயினர். 1921 மே மாதம் கர்நாடிக் ஆலையிலும் ஜூன் மாதம் பக்கிங்காம் ஆலையிலும் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. அப்போது ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றனர். இதற்காக இன்றும் சிலர் அவர்களைக் கருங்காலிகள் என்பர். அவ்வாறு கூறுவோர் சிலவற்றை எண்ணிப் பார்ப்பதில்லை. கையிருப்பு இல்லாதவன் எத்தனை நாள் அடுப்பெரியாமல் இருக்க இயலும்? சிற்றூரில் நிலமோ உறவோ உள்ளவன் வேலைநிறுத்தத்தின்போது ஊர் சென்று பொழுதைக் கழிக்கலாம். நம்மவர்க்கு ஊரில் இருந்தது என்ன? ஆலைக்குள் ஒன்றாக நூல் நூற்றவர்கள் வெளியே வந்ததும் ஒரே குழாயில் நீர் பருக இசைந்தார்களா? பெருந்தலைவர் எம்.சி. இராஜா அவர்களும் வேலைக்குச் செல்லுமாறே அறிவுரை கூறினார். நம்மைப் போலவே அவரும் ஆசிரியர்; பாடநூல்கள் எழுதியவர். அவருடைய முடிவு சரியா தவறா என்று நூறாண்டு கழித்துத் தீர்ப்பு எழுத நாம் துணியோம். ஆலை முதலாளிகள் இப்பிளவால் ஆதாயம் அடைந்தனர் என்பதில் மட்டும் ஐயமில்லை.

ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் குடிசைகள் தீக்கிரையாயின. இரு தரப்பிலும் அடிதடியும் பழிவாங்கலும் தொடர்ந்தன. வீடிழந்த நம் மக்களை வியாசர்பாடியில் முகாமிட்டுத் தங்கவைத்தனர். ஆகஸ்டு 29-ஆம் நாள் காவலர் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் மாண்டனர். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. தோற்றவர்கள் ஆலைக்குத் திரும்பினர். எரிந்தவர்கள் சாம்பலின்மேல் மீண்டும் கீற்று வேய்ந்தனர். இருவரும் மறுநாள் அதே சங்கொலிக்கு எழுந்தனர். 1923-இல் இராஜா அவர்கள் நீதிக்கட்சியை விட்டு விலகியதற்குப் புளியந்தோப்புச் சாம்பலும் ஒரு காரணம்.

அவ்வெரியும் நாள்களுக்கு இடையிலும் சட்டமன்றத்தில் நம் தலைவர்கள் வாளாவிருக்கவில்லை. "பறையர்", "பஞ்சமர்" என்னும் பெயர்களுக்கு மாறாக "ஆதிதிராவிடர்" என்று அரசு ஆவணங்களில் வழங்க வேண்டுமென இராஜா கொணர்ந்த தீர்மானம் 1922-இல் ஏற்கப்பட்டது. பொதுச் சாலை, கிணறு, குளம் யாவும் எல்லோர்க்கும் உரியன என்னும் தீர்மானத்தை 1924-இல் இரட்டைமலை சீனிவாசனார் நிறைவேற்றுவித்தார். தொழிலாளர் நலத்துறை மனைகளும் கிணறுகளும் பள்ளிகளும் அமைத்தது. "லேபர் ஸ்கூல்" என்று நம் பாட்டனார் கூறக் கேட்டிருப்பீர்கள். அத்துறையின் பள்ளிதான் அது. பிறகு ஆதிதிராவிடர் நலப்பள்ளி என்று பெயர் மாறிற்று.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். சென்னையில் ஒரு பேட்டையின் மதிப்பை அளக்க விரும்புவோர் அதன் குழாயைப் பார்த்தால் போதும். செங்குன்றம் ஏரியிலிருந்து கீழ்ப்பாக்கத்திற்கு வாய்க்கால் வழியே நகருக்கு நீர் கொணரும் ஏற்பாடு 1872-இல் நடந்தது. கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-இல் திறக்கப்பட்டது. மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தியின் முயற்சியால் தொடங்கிய பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் நிறைவுற்றது. நீர் வந்தது, ஆனால் முதலில் வீட்டிற்குள் வந்தது பிறர்க்கே. நமக்குத் தெருக்குழாய். நம் சிறுவயதில் எங்கள் தெரு முழுமைக்கும் ஒரே குழாய். விடியுமுன் குடங்கள் வரிசையில் நிற்கும். குடம் இல்லாதவர் ஒரு செங்கல்லை வைத்து இடம் பிடிப்பார். குழாயடிச் சண்டை என்று ஏளனமாகக் கூறுவர். அச்சண்டையை நடத்திய பெண்களே அடுத்த மணி நேரத்தில் ஒருவர் குழந்தையை மற்றொருவர் இடுப்பில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பர் என்பதை ஏளனம் செய்தவர் கண்டதில்லை. பின்னர் அடிகுழாய் வந்தது, கறுப்புத் தொட்டி வந்தது, தண்ணீர் லாரி வந்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது எந்த நாளில் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்குத் தாமதமாக வருவர் என்பதை லாரி வரும் நாளைக் கொண்டே நாம் கூறிவிடுவோம். அவ்வாண்டு வருகைப் பதிவேட்டில் தாமதக் குறி இடுவதை நிறுத்தினோம். மேலதிகாரி காரணம் கேட்டார். தெருவிற்கு வந்து பாருங்கள் என்றோம்.

மழைக்காலத்திலோ நீர் அழைக்காமலே வரும். ஓட்டேரி நல்லா நிரம்பினால் புளியந்தோப்பின் தாழ்ந்த தெருக்களில் முழங்காலளவு நிற்கும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பள்ளிக் கட்டடமே நிவாரண முகாமாயிற்று. தெரு வடிந்த பின்னரும் சான்றிதழ்கள் உலர நாள்கள் ஆயின. நனைந்த சாதிச் சான்றிதழைக் கொடியில் காயப்போட்டிருந்த காட்சியைக் கண்டு சிரிப்பதா அழுவதா என்று தோன்றவில்லை.

இனி வாரியத்தின் கதை. 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. அதற்கான சட்டம் 1971-இல் நிறைவேறியது. இருந்த இடத்திலேயே அடுக்குமாடி எழுப்புவதே தொடக்கக் காலக் கொள்கை. அக்கொள்கையால் நம்முள் பல்லாயிரவர் தீயின் அச்சம் நீங்கி உறங்கினர். நன்றி மறப்பது நன்றன்று. அச்சட்டத்தின்படி 1971-இல் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் முறையாக அறிவிக்கப்பட்டன. அவ்வாறு அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. முன்னறிவிப்பின்றி எவரும் அகற்றிவிட இயலாது. பின்னர் 1985-இல் மேலும் 17 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. அதன்பின் நெடுங்காலம் பட்டியல் வளரவில்லை. நகரமோ வளர்ந்துகொண்டே சென்றது. பட்டியலில் சேராத தெருக்களில் பிறந்த பிள்ளைகள் பெற்றோராகிவிட்டனர். ஆக்கிரமிப்பாளர் என்னும் பெயர் அத்தெருக்களில்தான் எளிதில் ஒட்டுகிறது. நம் இளைஞர்கள் தத்தம் தெரு அந்த 1,219-இல் அடங்குமா என்று அறிந்துள்ளனரா? வகுப்பில் கேட்டோம். ஒருவரும் அறிந்திலர். ஆசிரியர் அறையில் கேட்டோம். அங்கும் அதே விடை.

இரண்டாயிரமாவது ஆண்டு முதல் கொள்கை திசை மாறியது. இருந்த இடத்தில் வீடு என்பது போய், நகரின் தென்கோடியில் வீடு என்றாயிற்று. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் 15,000-க்கு மேற்பட்ட வீடுகளோடு எழுந்தது, அடுத்துச் செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கத்தின் எட்டடுக்குக் கட்டடங்கள். 2015 வெள்ளத்தின் பின்னர் ஆற்றங்கரை மக்கள் பலர் அங்கு அனுப்பப்பட்டனர். வெள்ளக்கரையில் வாழ்வது இடர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கல்வியாண்டின் நடுவில், தேர்வுக்குச் சில திங்களே இருக்கையில், ஒரு பிள்ளையை 25 கிலோமீட்டர் தொலைவிற்குப் பெயர்த்து நடுவது எவ்வகை மீட்பு? நம் பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்றோருள் சிலர் எந்தப் பள்ளியிலும் சேரவில்லை என்பதைப் பின்னர் அறிந்தோம். பத்துப்பாத்திரம் தேய்க்கும் வேலையை விட மனமின்றி, பொழுது புலருமுன் பேருந்தேறிப் பழைய பேட்டைக்கே வரும் தாய்மார்களை இன்றும் காணலாம். 2021-இல் வாரியம் தன் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றிக்கொண்டது. இருப்பிடத்திலேயே மறுகட்டுமானம் சில இடங்களில் மீண்டும் நடைபெறுவது ஆறுதல்.

பெயர் மாற்றத்தைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று கூறுவோம். பறைச்சேரி ஆதிதிராவிடர் காலனி ஆயிற்று. காலனி என்றாலே நம் குடியிருப்பு என்று ஊரார் பொருள் கொள்ளலாயினர். 2025 ஏப்ரலில் "காலனி" என்னும் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் திரு. மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். 1688-இல் தோன்றிய மாநகராட்சியில் ஜே. சிவசண்முகம் பிள்ளை, ந. சிவராஜ் ஆகிய நம் பெருமக்கள் மேயர் இருக்கையில் அமர்ந்தனர். 2022-இல் வடசென்னையிலிருந்து திருமதி ஆர். பிரியா அவ்விருக்கையில் அமர்ந்த முதல் தலித் பெண்மணி ஆனார். அவர் பதவியேற்ற அன்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "மேயர் வீட்டு முகவரி நம்ம பக்கம்தானே, சார்?" என்று கேட்டாள். ஆம் என்றோம். அன்று முழுதும் அவள் அதனைப் பிறரிடம் கூறித் திரிந்தாள்.

இக்கட்டுரையை எழுதும்பொருட்டுப் பழைய தாள்களைத் தேடினோம். நூலகத்தில் கிடைத்ததைவிட நம் வீடுகளின் தகரப்பெட்டிகளில் கிடைத்தவை மிகுதி: ஆலை அடையாள அட்டை, லேபர் பள்ளிச் சான்று, எழுபதுகளின் வாரிய ஒதுக்கீட்டு ஆணை, தவணை கட்டிய இரசீதுகள், கிழிந்த குடும்ப அட்டை. ஒரு மூதாட்டி தம் மாமியார் பெயரில் இருந்த இரசீதுகளை மஞ்சள் பையில் கொணர்ந்து, "இதெல்லாம் எதுக்கு வெச்சிருக்கேன்னு என் பிள்ளைங்களே கேக்குதுங்க" என்றார். அவற்றைப் படியெடுத்துக்கொண்டு மூலத்தை அவரிடமே திருப்பித் தந்தோம். உறுப்பினர்கள் தத்தம் இல்லத்தில் உள்ளவற்றைச் சங்க அலுவலகத்திற்கு ஞாயிறு மாலைகளில் கொணரலாம். ஒட்டுத்தாள் இட்டு ஒட்ட வேண்டா, மை போய்விடுகிறது. அப்படியே கொணர்க.

தொடக்கத்தில் கூறிய அந்தத் தாயார் இவ்வாண்டு ஜூனிலும் வந்திருந்தார், இளைய மகளைச் சேர்க்க. முகவரிப் பத்தியில் பாட்டியின் புளியந்தோப்புத் தெருவை முதலிலும் பெரும்பாக்கத்துக் கட்டட எண்ணை அடுத்தும் எழுதினோம். பத்தி சிறிது. இரண்டாவது வரி ஓரக் கோட்டைத் தாண்டிவிட்டது.